சைபர் வேறு, காலி வேறு

அப்பத்தாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் பதவி என்ற இடத்தில் 'கம்ப்யூட்டர்' என்று எழுதியிருக்கும். வங்கிக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று இருக்க வேண்டும் பாட்டி, ஒரு வார்த்தை விடுபட்டிருக்கிறது, திருத்தித் தரட்டுமா?" என்று கேட்டார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அப்பத்தா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "தம்பி, அந்தப் பெட்டி பிறகு வந்தது. நான்தான் கம்ப்யூட்டர்" என்றார். அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. அரசாங்கத்தின் புள்ளிவிவர அலுவலகங்களில் கணக்குப் போடும் ஆளுக்குப் பதவிப் பெயரே அதுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது இயந்திரத்துக்கு 'ஈ' வரும் இடத்தில் இந்தப் பதவிக்கு 'ஓ' போடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இயந்திரம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மனிதர்கள் கம்ப்யூட்டராக இருந்திருக்கிறார்கள். 1831-இல் நில அளவைப் பணியில் சேர்ந்த வங்காளத்துக்காரர் ராதாநாத் சிக்தாருக்கும் இதே வேலைதான். பதினைந்தாம் எண் சிகரம் என்று மட்டும் குறித்து வைத்திருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று 1852-இல் கணக்கில் கண்டவர் அவர். மலைக்கு வைத்ததோ ஓய்வு பெற்றுப் போயிருந்த எவரெஸ்ட் துரையின் பெயர். சிக்தார் கதையை அப்பத்தா யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். சொல்லும்போதெல்லாம் பெயர் பறிபோனதற்காக வருத்தப்பட்டதில்லை. "காலை வைக்காமலேயே அளந்துவிட்டான் பார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அப்பத்தா 1941-இல் தனுஷ்கோடியில் பிறந்தவர். இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று இன்றைக்குப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்த தனுஷ்கோடி அல்ல. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். எழும்பூரில் புறப்படும் போட் மெயில் அங்கே வந்து நிற்கும்; இறங்கியவர்கள் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போவார்கள். அப்பத்தாவின் அப்பா, அதாவது என் பூட்டன், அந்த நிலையத்தில் போர்ட்டர். எத்தனை மூட்டை ஏற்றினோம், எத்தனைக்குக் கூலி வந்தது என்ற கணக்கை வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஒப்பிப்பாராம். எட்டு வயதில் அப்பத்தாவின் முதல் பேரேடு அதுதான்.

ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தட்டச்சில் லோயர் தேறி, 1962-இல் மண்டபத்தில் ஓர் அலுவலகத்தின் மீன் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. பின்னால் ஒரு சண்டை வருகிறது. அதில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாம் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அவருக்குக் கொடுத்த கருவி ஃபேசிட். கையால் சுற்றும் கணக்குப் பொறி. தட்டச்சுப் பொறியைவிடச் சிறியது, தூக்கினால் அதைவிடக் கனமாகத் தோன்றும். முன்பக்கம் பத்து எண் விசைகள், வலப்பக்கம் ஒரு கைப்பிடி. எண்ணை அடித்துக் கைப்பிடியை முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினால் கூட்டல், பின்னால் சுற்றினால் கழித்தல். 37-ஆல் பெருக்க வேண்டும் என்றால் ஏழு சுற்று, ஓர் இடம் நகர்த்து, மூன்று சுற்று. 98-ஆல் பெருக்க வேண்டும் என்றால் புதிதாகச் சேர்ந்தவர் எட்டும் ஒன்பதுமாகப் பதினேழு சுற்றுச் சுற்றுவார். அப்பத்தா பின்னால் இரண்டு, இரண்டு இடம் நகர்த்தி முன்னால் ஒன்று. மூன்றே சுற்றில் முடித்துவிட்டுக் காபிக்குப் போய்விடுவார். நூற்றில் இரண்டு குறைவுதானே தொண்ணூற்றெட்டு.

வகுத்தல்தான் வேடிக்கை. கைப்பிடியைப் பின்னால் சுற்றிச் சுற்றிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். இருப்பதற்கு மேல் கழித்துவிட்டால் உள்ளே ஒரு மணி 'டிங்' என்று அடிக்கும். உடனே முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, எடுத்த அந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். மணி அடிக்கும்வரை போ, அடித்ததும் ஒன்று திரும்பு. எங்கள் வீட்டில் இது பழமொழியாகவே ஆகிவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் சத்தம் போட்டுப் பேசத் தொடங்கி, சொல்லக்கூடாத ஒரு வார்த்தை வந்து விழுந்ததும், அடுப்படியிலிருந்து அப்பத்தாவின் குரல் வரும்: "மணி அடித்துவிட்டது." சொன்னவர் அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். சண்டையை நிறுத்த வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் கிடையாது.

வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியே இருக்கும். கைப்பிடி கொடுத்த சொத்து என்பார். தாத்தாவைக் கட்டிக்கொண்ட பிறகு வீட்டில் சுற்றுகிறவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். தாத்தா ரயில்வேயில் பாம்பன் பாலத்து ஆள். 1914-இல் திறந்த அந்தப் பழைய பாலத்தின் நடுவில், கப்பல் போவதற்காக இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும் பகுதியை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். "நான் சுற்றினால் கப்பல் போகிறது, இவள் சுற்றினால் என்ன போகிறது?" என்று தாத்தா கேலி செய்வாராம். "தப்பு போகிறது" என்பாராம் அப்பத்தா. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் மின்சாரத்தில் செங்குத்தாக உயர்கிறது. அதைப் பார்க்க இருவருமே இல்லை.

மீனை எப்படி எண்ணுவார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மீனாகவா? 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை நாட்டின் மீன் கணக்குக்கெல்லாம் தாய்வீடு எங்கள் மண்டபம். அந்த நிலையம் வகுத்த முறை எளிமையானது, ஆனால் பிசகினால் எல்லாம் போய்விடும். குலுக்கலில் வந்த இறங்குதளத்துக்கு ஆள் போவார். முதல் நாள் நண்பகல் 12 மணி முதல் மாலை 6 வரை, மறுநாள் காலை 6 முதல் நண்பகல் 12 வரை கரையில் நிற்பார். இடைப்பட்ட இரவில் வந்ததை விசாரித்து எழுதிக்கொள்வார். 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கூடக் கூட இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று. 50-ஐத் தாண்டினால் ஐந்தில் ஒன்று. பார்த்ததிலிருந்து பார்க்காததைப் பெருக்கிக் காண்பதுதான் உள்ளே உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரின் வேலை.

ஆக, அப்பத்தா கடலைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் அல்ல. தாளைப் பார்த்துப் போட்டவர். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், ஏர்வாடி, கீழக்கரை என்று கரை நெடுகிலிருந்தும் தாள்கள் வந்து சேரும். எடுத்ததும் முகர்ந்து பார்ப்பாராம். காரல் மீன் நாற்றம், சூடை மீன் நாற்றம், மண்ணெண்ணெய். எல்லா எண்ணும் பத்து, இருபது, ஐம்பது என்று உருண்டையாக வந்து, தாளும் வெள்ளை வெளேரென்று இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். அந்த ஆள் கரைக்கே போகவில்லை, டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். "செதில் ஒட்டாத தாளை நம்பாதே" என்பது அவர் வாக்கு. இன்றைக்குப் பெரிய நகரத்தில் குளிர்பதன அறையில் உட்கார்ந்து நான் பார்க்கும் தரவுகளில் செதில் எங்கே ஒட்டும்? ஆனாலும் எண்கள் உருண்டையாக வந்தால் எனக்கு மூக்கு அரிக்கிறது.

1964 டிசம்பர் 22. அன்று இரவு அப்பத்தா மண்டபத்தில், வேறு இரண்டு பெண்களோடு வாடகைக்கு எடுத்திருந்த ஓட்டு வீட்டில் இருந்தார். ஓடுகள் சீட்டுக்கட்டைப் போலப் பறந்ததை மட்டும் சொல்வார். புயலைப் பற்றி அவர் அதற்கு மேல் வருணித்ததே இல்லை. ஊரில் மற்றவர்கள் வருணித்தார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பயணி ரயில் கடலோடு போனது. பாலத்தின் கண்கள் சரிந்து தீவு தனித்து நின்றது. பூட்டனும் பூட்டியும் வேறு பலரோடு ஒரு கல் கட்டடத்தின் மேல் ஏறி நின்று பிழைத்தார்கள். கூடவே ஓடிவந்த தம்பி, அப்பத்தாவுக்குப் பின் பிறந்த ஒரே தம்பி, பதினேழு வயது, பாதி வழியில் நின்று, "ஆட்டை அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று திரும்பியிருக்கிறான். தண்ணீர் அப்போது முழங்காலளவுதான்.

மீட்கப்பட்டவர்கள் மண்டபத்துக்கு வரத் தொடங்கியதும் பட்டியல் போட ஆள் தேவைப்பட்டது. கையெழுத்து நன்றாக இருப்பவர்களை எல்லா அலுவலகங்களிலிருந்தும் கடன் வாங்கினார்கள். அப்பத்தாவும் போனார். பெயர், வயது, தெரு, மீட்கப்பட்டவர், உடல் கிடைத்தவர் என்று பத்திகள். அம்மாவையும் அப்பாவையும் தன் கையாலேயே மீட்கப்பட்டவர் பத்தியில் குறித்திருக்கிறார். தம்பி பெயரையும் எழுதினார். வயது 17, தெரு எல்லாம் எழுதினார். அடுத்த இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டார். இப்படிப் பலருடைய கட்டங்கள் விட்டுப்போயிருந்தன. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கணக்கை முடிக்க வேண்டும், காலியாக இருப்பதையெல்லாம் இறந்தோர் பத்தியில் தள்ளிக் கூட்டுங்கள் என்று ஒருவர் சொன்னாராம். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு; கூட்டினால்தானே நிவாரணம். மற்ற வரிகளை வேறொருவர் நிரப்பினார். தம்பியின் வரியை நிரப்ப அப்பத்தா தாளைக் கொடுக்கவில்லை. "நீங்கள் பார்த்தீர்களா? நானும் பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னாராம்.

46 நாளில் பாலம் சரியானது. அந்த வேலையை முன்னின்று நடத்திய இளம் பொறியாளர் ஸ்ரீதரன் பின்னாளில் டெல்லி மெட்ரோவால் நாடறிந்தார். தனுஷ்கோடி மட்டும் எழவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டார்கள். பூட்டன் சேமிப்பைத் திரட்டித் தங்கச்சிமடத்தில் நாற்பது சென்ட் நிலம் வாங்கினார். பனையும் தென்னையுமாக. அந்த நிலத்துக்குப் பிறகு வருகிறேன்.

நடுவில் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியார், ஃபேசிட்.

இந்தியாவுக்கு முதல் கணினி 1955-இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது. மண்டபத்துக்கு வந்து சேர 1987 ஆனது. வெள்ளைப் பெட்டி, பச்சை எழுத்து, ஃப்ளாப்பி என்ற நெகிழ்தட்டு போட இரண்டு வாய். மேல்வாயில் நிரல், கீழ்வாயில் தரவு. ஒரு தட்டில் 360 கிலோபைட் கொள்ளும். அலுவலகத்திலேயே அதற்கு மட்டும்தான் ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். "தேங்காய் பழம் ஒன்றுதான் குறை" என்றாராம் அப்பத்தா. மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்ப ஆள் தேடியபோது இளைஞர்கள் தயங்கினார்கள். வேலை போய்விடும் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. நாற்பத்தாறு வயது அப்பத்தா டிபன் கேரியரோடு கிளம்பிப் போனார்.

அந்த ஆண்டுத் தணிக்கைக்கு வந்தவர் ஒரு கேள்வி எழுப்பினார். சம்பளப் பட்டியலின்படி இங்கே இரண்டு கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், இருப்புப் பதிவேட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் சம்பளப் பட்டியலில் இல்லை, விளக்கம் தேவை. எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பத்தாவையும் இன்னொருவரையும் கூப்பிட்டு நிறுத்தினாராம். தணிக்கையாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கொள்முதல் ஆண்டு?" என்று கேட்டிருக்கிறார். அப்பத்தா, "1962. இன்னும் பழுதில்லை" என்றாராம். இதைப் பெரியப்பா சொல்லும்போது கொள்முதல் விலையும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பகுதியை நான் நம்புவதில்லை.

பெட்டிக்குப் பகைவன் உப்புக் காற்று. வாடை தொடங்கிவிட்டால் மண்டபத்தில் சைக்கிள் செயினே ஒரு மாதத்தில் துருவேறிவிடும். பாவம், அந்தப் பெட்டி என்ன செய்யும்? திடீரென்று திரை இருண்டு நின்றுவிடும். மதுரையிலிருந்து ஆள் வர நான்கு நாள். ஒரு முறை வந்தவர் மூடியைத் திறந்து, உள்ளே செருகியிருந்த அட்டைகளை உருவி, அவற்றின் பித்தளை நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினார், ஓடியது. அப்பத்தா பக்கத்திலேயே நின்று பார்த்தார். அடுத்த முறை ஆளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் போகும் அப்பாவின் பையிலிருந்து ரப்பரை எடுத்துப்போனார். கணினியின் வயிற்றை அவர் திறந்ததைப் பார்த்து மேலாளருக்கு வியர்த்துவிட்டதாம், ஏ.சி. அறையிலேயே.

சண்டை அதன் பிறகுதான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் தகராறு வந்து, வாரத்தில் இவர்களுக்கு இன்ன நாள், அவர்களுக்கு இன்ன நாள் என்று பிரித்துவிட்டிருந்தார்கள். விசைப்படகு போகாத நாளில் அதன் பிடிப்பு சைபர். கரையில் ஆள் நின்று பார்த்து எழுதிய சைபர் அது. கணக்கெடுப்பவருக்குக் காய்ச்சல், அவர் கரைக்கே போகவில்லை என்றால் அந்த நாளின் கட்டம் காலி. படகு போயிருக்கும், மீன் வந்திருக்கும்; நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காகிதத்தில் இரண்டும் வேறுவேறாகத் தெரியும். அன்று தரவுகளைச் சேர்த்து வைத்த டிபேஸ் என்ற நிரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எண் பத்தியைக் காலியாக விட்டால் சராசரி போடும்போது அதைச் சைபராகவே எடுத்துக்கொள்ளும். புதிதாக வந்த இளம் அதிகாரியோ இன்னும் ஒரு படி மேலே போய், பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று காலிக் கட்டங்களில் எல்லாம் சைபரை அடிக்கச் சொல்லிவிட்டார்.

அப்பத்தா ஒரு தாளை எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தார். ஒரு தளம், நான்கு நாள். 12 டன், 0, 9, காலி. பார்த்த மூன்று நாளுக்குச் சராசரி 7. முப்பது நாளுக்கு 210 டன். காலியைச் சைபராக்கி நான்கால் வகுத்தால் 5.25. முப்பது நாளுக்கு 157.5. "ஐம்பத்திரண்டரை டன் காரலைக் காணோம் சார். கடலில் தொலையவில்லை, இந்த அறையில் தொலைந்திருக்கிறது" என்றார். அந்த 'இந்த அறை'தான் வினை. மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதாக மெமோ வந்தது. அந்த முறை வரவேண்டிய பதவி உயர்வும் தள்ளிப்போனது. மணி அடித்திருக்க வேண்டும், நான் ஒரு சுற்றுத் திரும்பியிருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள அவர் தயாராக இருந்தது 'இந்த அறை' என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும்தான். ஐம்பத்திரண்டரை டன்னை அல்ல.

மெமோவுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்த கையோடு, மாலையில் தங்கி, எல்லாக் கோப்புகளிலும் ஒரே ஓர் எழுத்து அகலத்தில் புதிய பத்தி ஒன்றைச் சேர்த்தார். பார்த்தது என்றால் ஓர் எழுத்து, பார்க்கவில்லை என்றால் வேறோர் எழுத்து. சராசரி போடும் கட்டளை அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகும். அதை யாரும் பாராட்டவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. 1999-இல் அவர் ஓய்வு பெற்ற நாளிலும் அந்தப் பத்தி இருந்தது.

எனக்கு வேலை கிடைத்த புதிதில் தொலைபேசியில் கேட்டார்: "ஆத்தா, உங்கள் அலுவலகத்தில் காலிக்கு என்ன போடுகிறீர்கள்?"

"அதற்கென்று தனியாகவே ஒன்று இருக்கிறது அப்பத்தா. நல் என்று பெயர்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நல்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "நல்ல பெயராகத்தான் வைத்திருக்கிறார்கள்."

2020 டிசம்பரில் நான் தங்கச்சிமடத்தில் இருந்தேன். கொரோனா புண்ணியத்தில் வீட்டிலிருந்தே வேலை. புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கிப் பாம்பனை நோக்கி வந்துகொண்டிருந்தது. அறுபத்து நான்காம் ஆண்டுப் புயலும் இதே மாதம், இலங்கை வழியாகத்தான். மாமரத்தடியில் நாற்காலி போட்டு, என் செல்போனை வாங்கி, வானிலை மையத்தின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார் அப்பத்தா.

"கோடு புயல் போகும் வழி. சரி. அதைச் சுற்றி விசிறி மாதிரி விரிகிறதே, அது என்ன?"

"இதற்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அர்த்தம். நாள் தள்ளத் தள்ள நிச்சயத்தன்மை குறையும், அதனால் அகலம் கூடுகிறது."

"தெரியாததற்கு எல்லை போட்டுக் காட்டியிருக்கிறார்கள்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஏதோ அவருடைய பழைய அலுவலகம் திருந்திவிட்டதைப் போல. அன்று முழுக்கப் புதிய படம் வர வர என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். புரெவி வலுவிழந்து, கரைக்கு அருகிலேயே நகராமல் நின்று மழையாகக் கொட்டித் தீர்த்தது. எங்கள் வீட்டில் ஒரு முருங்கை மட்டும் சாய்ந்தது. முருங்கைக்குப் புயல் வேண்டுமா என்ன.

இனி அந்த நிலம். பூட்டன் இறந்தபின், எண்பதுகளின் தொடக்கத்தில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்க வருவாய்த் துறையினர் ஊர் ஊராக வந்தபோது, வாரிசுகள் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பத்தா இரண்டு பெயர் சொன்னார். தன் பெயர், தம்பி பெயர். கூட்டுப் பட்டா ஆகிவிட்டது. பதினேழு ஆண்டுகளாக வீடு திரும்பாத ஒருவர் நாற்பது சென்டில் பாதிக்குச் சொந்தக்காரர். ராமேஸ்வரம் சாலையில் விடுதிகள் முளைக்கத் தொடங்கிய பிறகு பெரியப்பாவுக்கு அந்த நாற்பது சென்ட் கண்ணில் நின்றது. ஏழு ஆண்டு காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் இடமுண்டு, நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டால் போதும் என்று வழக்கறிஞர் சொன்னார். தாளை எடுத்துக்கொண்டு பெரியப்பா எத்தனையோ தீபாவளிக்கு வந்தார். அப்பத்தா பலகாரம் வைத்தார், கையெழுத்து வைக்கவில்லை. பெரியப்பாவின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவர் அவர், நான் அல்ல.

அப்பத்தா 2022 மாசியில் போனார். தூக்கத்தில். கேதம் கேட்க வந்தவர்களில் பாம்பன் மீனவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். "கணக்கம்மா" என்று சொல்லி அழுதார்கள். நாங்கள் யாரும் அறியாத பெயர்.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு, பட்டா மாறுதலுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான்தானே. அரசின் இணையத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். பக்கம் திறந்தது. உரிமையாளர்கள்: ஒன்று, அப்பத்தா. இரண்டு, இன்னார் மகன் இன்னார் என்று சின்னத் தாத்தா. பனை மட்டையில் கூட அவர் படம் எங்களிடம் கிடையாது. அரசாங்கத்தின் கணினியில் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறார். பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, முதல் பெயருக்கு இறப்புச் சான்றிதழ் இருக்கிறது, இரண்டாம் பெயருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். பழைய கோபம் ஏறியது. கிழவியின் பிடிவாதத்தால் இரண்டு தலைமுறை வீணாகிவிட்டது என்று தொடங்கி எங்கேயோ போனார்.

"பெரியப்பா, மணி அடித்துவிட்டது" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஆடு கிடைத்தது உனக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. தண்ணீர் வடிந்ததும் மகனைத் தேடிப்போன பூட்டன், கோதண்டராமர் கோயில் பக்கம் மேட்டில் அந்த ஆடு நிற்பதைப் பார்த்து மண்டபத்துக்கு ஓட்டி வந்திருக்கிறார். சுற்றிலும் எதுவும் மிஞ்சாத இடத்தில் அந்தக் கோயில் மட்டும் நின்றது. அப்பத்தாவின் பழைய நோட்டு ஒன்று பெரியப்பாவிடம் இருக்கிறதாம். அன்றைக்கே அதில் எழுதி வைத்திருக்கிறார். வரியைப் படித்துக் காட்டச் சொன்னேன். கண்ணாடி தேடி எடுத்து வந்து படித்தார்.

"வெள்ளாடு ஒன்று. கழுத்தில் கயிறு நான்கு முழம். நுனி அறுந்ததல்ல, அவிழ்த்தது. பார்த்தேன்."